தீபாவளி முடியட்டும்: சிவகாசிக் கைகளும் மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையும்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, கல்தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் போகும் காது என்று நீளும் பட்டியல் அது. இவற்றில் எது வந்தாலும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. பாஸ்பரஸ் நஞ்சுக்கும் அதில் இடம் இருந்தது. ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்துத் தின்ற நோய் அது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்து இந்தியாவில் சட்டம் வந்தது 1913-இல். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து. ஆக, இந்த ஊரில் முதல் குச்சி உரசப்படும் முன்பே விரட்டப்பட்ட நோய்க்குச் சட்டத்தில் இடம் இருந்தது. இந்த ஊர்ப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொள்ளும் நோய்க்கு இல்லை. 2020-இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையும் ஏறக்குறைய பழைய பட்டியலையே எடுத்துக்கொண்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ 2010-இல் திருத்திய தன் தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனல் நோயைப் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் தொழிலாளியின் உடல் என்றாலே வெடிவிபத்துதான் நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று ஊர்ப் பெயர்களே விபத்துகளின் பெயர்களாகிவிட்டன. தீக்காயத்துக்கு நிவாரணம் உண்டு, விசாரணை உண்டு, செய்தித்தாளில் படம் உண்டு. கை மரத்துப்போவதற்கு இவை எதுவும் இல்லை. அது ஒரே நாளில் வருவதில்லை, யாரையும் கொல்வதும் இல்லை. கட்டைவிரல் சதை கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, ஒருநாள் ஊசியில் நூல் கோக்க வராமல், ஜாக்கெட் கொக்கி மாட்ட வராமல் போகும்போதுதான் அது நோய் என்பதே தெரிகிறது.

இந்த வட்டாரத்தில் கை என்னென்ன வேலை பார்க்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். பட்டாசில் மருந்து கலப்பதும் செலுத்துவதும் வெளியே பேசப்படும் வேலைகள். ஆனால் பெரும்பான்மையோர் செய்வது காகித வேலை. கம்பியின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி உருட்டிக் குழாய் செய்வார்கள். அந்த அழுத்தம் விழுகிற இடம் மணிக்கட்டுக்கு நேர் கீழே, நரம்பு ஓடும் இடத்தின் மேலேயே. குழாய்களை வளையமாகச் சேர்த்துக் கட்டுவது, அணுகுண்டுக்குச் சணலை இறுக்கிச் சுற்றுவது, சங்குசக்கரத்தைச் சுருட்டி ஒட்டுவது எல்லாம் பிடியை விடாமல் செய்யவேண்டிய வேலைகள். சரவெடி பின்னுவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரியைக் கிள்ளிப் பிடித்தபடியே இருக்கவேண்டியிருந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபோது பின்னல் வேலையில் இருந்த பெண்களின் கூலி போனது. மணிக்கட்டுக்கு அது ஓய்வாக அமைந்திருக்கும் என்று யாரும் ஆறுதல் சொல்லத் துணியமாட்டார்கள்.

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகளில் குச்சியை மரச்சட்டத்தில் அடுக்குவதும் பெட்டியில் அடைப்பதும் கைவேலையாக இருந்த காலம் நீண்டது. இயந்திரம் பெருமளவு வந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்துக் கைகள் இன்னும் இருக்கின்றன. அச்சகங்களில் ரிம் ரிம்மாகத் தாளைத் தட்டிச் சீராக்குவது, விரலால் விசிறி எண்ணுவது, மடிப்பது, தினசரி நாட்காட்டிக்குத் தகரம் அடிப்பது என்று வேறொரு வரிசை. மூன்று தொழிலுக்கும் பொதுவானது உருப்படிக் கூலி. எத்தனை குரோஸ், எத்தனை பண்டல் என்பதுதான் கணக்கு. கை நின்றால் காசு நிற்கும்.

மணிக்கட்டின் உள்பக்கம் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு பள்ளமாக அமைந்திருக்கின்றன. அதன் மேல் கூரைபோல ஒரு தடித்த தசைநார்ப் பட்டை. கார்பல் டனல் என்கிற அந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், நடுநரம்பு என்கிற ஒரு நரம்பும் போகின்றன. எலும்பும் பட்டையும் விரிந்துகொடுக்காது. தசைநாணின் உறை தடித்தாலோ நீர் கோத்தாலோ நசுங்குவது நரம்புதான். அந்த நரம்பு உணர்வு தருவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு. சுண்டுவிரல் அதன் எல்லைக்கு வெளியே. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ‘கை பூராவும் மதமதங்குது’ என்று வருபவரிடம் சுண்டுவிரலைத் தனியாகத் தொட்டுக் கேட்கும் மருத்துவர் பாதி நோயறிதலை அங்கேயே முடித்துவிடுகிறார். கழுத்திலிருந்து வரும் வலியையும், முழங்கையில் நசுங்கும் நரம்பையும், தொழுநோய் தாக்கிய நரம்பையும் பிரித்தறிய அந்தச் சுண்டுவிரல் உதவும். தொழுநோய் பெரும்பாலும் முழங்கைப் பக்கத்து நரம்பைத்தான் முதலில் பிடிக்கும், சுண்டுவிரல்தான் முதலில் மரக்கும்.

கை மரத்தால் தொழுநோயோ என்று பயந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தமிழ்நாட்டில் கை அறுவைச் சிகிச்சை வளர்ந்ததற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். கோவை கங்கா மருத்துவமனை இன்று அந்த வரிசையில் உலகறிந்த பெயர். கை அறுவையில் இவ்வளவு ஆழமான மரபு உள்ள மாநிலத்தில், எளிய கை அறுவைகளில் ஒன்றான கார்பல் டனல் அறுவை சிவகாசிக்காரருக்கு இன்னும் பெரிய மலையாகத் தெரிவது ஏன் என்பதுதான் ஆராயவேண்டியது.

காரணத்தில் பாதி, நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கவே ஆண்டுகள் ஆகிவிடுவது. முதல் நிறுத்தம் தைலம். அடுத்தது சுளுக்கு எடுப்பவர். மூன்றாவது, தெருமுனைக் கிளினிக்கில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரும், வாரம் ஒன்றாகப் போடப்படும் சிவப்பு நிற வைட்டமின் ஊசியும். நான்காவது, கழுத்து எக்ஸ்ரே. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யார் கழுத்தைப் படம் பிடித்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். உடனே கழுத்துப் பட்டை வரும். தைலம் கெடுதல் செய்வதில்லை. வைட்டமின் பி12 குறைவு உண்மையிலேயே இருந்தால் ஊசி நல்லதுதான். பி6 மாத்திரையைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இந்த நோய்க்கு அது உதவுவதாக நிரூபணமாகவில்லை, அளவு மீறி நாள்பட எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இந்த நான்கு நிறுத்தங்களுக்கும் சேர்த்துச் செலவாவது பணத்தைவிட அதிகமாகக் காலம்தான். நசுங்கிய நரம்பு காத்திருக்காது.

வேலைதான் காரணமா? நேர்மையான பதில் சற்று நீளமானது. 1987-இல் அமெரிக்காவில் பார்பரா சில்வர்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் 652 தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். பலம் கொடுத்து, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இரண்டும் இல்லாத வேலையில் இருந்தவர்களில் 0.6 விழுக்காடு. வேகம் மட்டும் இருந்தால் ஆபத்து அவ்வளவு கூடவில்லை, அழுத்தமும் வேகமும் சேரும்போதுதான் ஏறியது. கணினித் தட்டச்சால் வருகிறது என்பதற்குச் சான்று பலவீனம். குழாய் உருட்டுவதும் சணல் இறுக்குவதும் அந்தச் சேர்க்கைக்குள் வருபவை.

ஆனாலும் ஆலைக்கே போகாத பெண்களுக்கும் இது வருகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வரும், ஐம்பதுகளில் உச்சத்தைத் தொடும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, உடல் பருமன், முடக்குவாதம், மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியது, கர்ப்பம் எல்லாமே காரணங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாடு அந்தச் சராசரிக்கு மேலே. எனவே ஒரு தனிப்பட்ட பெண்ணின் கையைக் காட்டி ‘இது ஆலையால் வந்தது’ என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். நிர்வாகங்களுக்கு இது வசதி.

இங்கே இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். 1980-களில் சிவகாசி என்றால் குழந்தைத் தொழிலாளர் என்று உலகமே பேசியது. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த வண்டிகளில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தைக்கும் வேலைக்கு வைத்தவர் 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ‘பிஞ்சு விரல்தான் குச்சி அடுக்கத் தோது’ என்று அன்று வாதம் செய்தவர்கள் உண்டு. 1985-இல் பத்து வயதாக இருந்தவளுக்கு இப்போது ஐம்பதுக்குக் குறையாது. நோய் உச்சம் தொடும் வயதுக்கு, நாற்பது ஆண்டு வேலையைக் கையில் சுமந்துகொண்டு ஒரு தலைமுறை வந்து சேர்ந்திருக்கிறது. காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இவர்களின் மணிக்கட்டைப் பரிசோதிக்க அந்தக் கணக்கே போதுமான காரணம்.

இனி, கத்தி வைப்பதா வேண்டாமா.

இரவில் மட்டும் விறுவிறுத்து, உதறினால் சரியாகி, பகலில் கை நன்றாக இருக்கும் கட்டத்தில் அவசரம் இல்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை போட்டுத் தூங்குவதுதான் முதல் படி. கடையில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படியே கட்டினால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்த நிலையில் நின்று நரம்புக்கு அழுத்தம் கூடும். தகட்டை உருவி எடுத்து நேராக்கி மீண்டும் செருகவேண்டும் என்று பட்டையை எழுதிக்கொடுக்கும் மருத்துவரே சொல்லவேண்டும். சித்திரை வெயிலில் விருதுநகரில் பட்டை கட்டித் தூங்குவது தண்டனை. உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொண்டால் தாங்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு சரியாகிவிடும், தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுத்தாலே குறைவதுண்டு. அவர்களை அறுவை மேசைக்கு அனுப்ப அவசரப்படக் கூடாது.

அடுத்தது மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி. வேகமாகக் கேட்கும், பெரும்பாலும் நிலைக்காது. ஸ்வீடனில் அட்ரோஷி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். 40 மில்லிகிராம் போட்டவர்களில் 81, 80 மில்லிகிராம் போட்டவர்களில் 73. ஊசி அறுவையைத் தள்ளிப்போடுகிறது, பலருக்குத் தவிர்ப்பதில்லை. ஆனால் ‘தள்ளிப்போடுவது’ என்பதைச் சிவகாசியில் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆவணியில் கை தாங்காமல் வரும் ஒருவரைத் தீபாவளி வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஊசி உதவும் என்றால் அது நல்ல மருத்துவமே. ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

அறுவைக்கு ஆதரவான சான்று வலுவானது. நெதர்லாந்தில் கெரிட்சன் குழு 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மூன்று மாத முடிவில் அறுவை செய்தவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் பட்டை கட்டியவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் குணம் தெரிந்தது. பதினெட்டு மாதத்தில் 90-க்கு 75. அந்த 75-ஐ மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பட்டையில் தொடங்கியவர்களில் 41 விழுக்காட்டினர் அதற்குள் அறுவைக்கே போயிருந்தார்கள். நூற்றில் பத்துப்பேருக்காவது முழுத் திருப்தி இல்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. ‘நூற்றுக்கு நூறு கேரண்டி’ என்று விளம்பரப் பலகை சொன்னால் அந்தப் படிக்கட்டில் ஏறாமல் இருப்பது நல்லது.

தள்ளிப்போடக் கூடாத கட்டம் எது? மரமரப்பு இரவு பகல் எந்நேரமும் இருப்பது, கட்டைவிரல் அடியில் உள்ள மேட்டுச் சதை வற்றுவது, கட்டைவிரலைச் சுண்டுவிரல் நோக்கிக் கொண்டுவர முடியாமல் போவது, நரம்புக் கடத்தல் பரிசோதனையில் ‘கடுமை’ என்று வருவது. இந்த நிலையில் அறுவை, இழந்ததை எல்லாம் மீட்டுத் தராது. மிச்சத்தைக் காப்பாற்றும். இதை நோயாளியிடம் முன்பே சொல்லாததால்தான் ‘ஆபரேஷன் பண்ணியும் கை சரியாகலை’ என்ற பேச்சு திருத்தங்கலில் தொடங்கி வெம்பக்கோட்டை வரை பரவி, உண்மையில் பயன்பெறக்கூடிய பத்துப்பேரை வீட்டிலேயே உட்காரவைக்கிறது. நோயாளி தாமதமாக வந்ததன் விலையைக் கத்தி சுமக்கிறது.

அறுவை சுருக்கமானது. 1913-இல், அதாவது வெள்ளைப் பாஸ்பரஸ் தடைச் சட்டம் வந்த அதே ஆண்டில், பாரிசில் பியர் மாரியும் ஃபுவாவும் இறந்தவர் ஒருவரின் கையில் நசுங்கிய நரம்பைக் கண்டு, நரம்புக்கு மேலுள்ள தசைநார்ப் பட்டையை அறுத்துவிட்டாலே போதுமே என்று எழுதினார்கள். 1950-களில் கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஃபேலன் அதைப் பரவலாக்கினார். இன்றும் செய்வது அதேதான். உள்ளங்கையில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, கூரைப் பட்டையை முழுநீளத்துக்கும் பிரித்துவிடுவது. கையை மட்டும் மரக்கச் செய்தால் போதும், கால் மணிநேர வேலை, அன்று மாலையே வீடு. கனடாவின் டான் லலோண்ட் பரப்பிய முறையில், இரத்தம் நிற்கக் கையை இறுக்கும் பட்டைகூட வேண்டாம், மருந்திலேயே அட்ரினலின் கலந்துவிடுகிறார்கள். நுண்துளைக் கருவி வழியாகச் செய்தால் சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம் என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

குணமாவதுதான் நீண்ட கதை. பலருக்கு முதல் இரவே விறுவிறுப்பு இல்லாத தூக்கம் வந்துவிடுகிறது. அந்த நிம்மதியிலேயே மூன்றாம் நாள் குடம் தூக்கிவிடுகிறார்கள். வலி போனதும் மணிக்கட்டு குணமாகிவிட்டதாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை உள்ளங்கை நனையக்கூடாது. வலதுகை என்றால் பிசைந்து சாப்பிட முடியாது, கரண்டிதான். பாத்திரம் தேய்ப்பது இல்லை. இந்த நாட்களில் கையைத் தாழ்த்தாமல் நெஞ்சுக்கு மேலே வைத்திருந்தால் வீக்கம் குறையும். விரல்களைச் சும்மா வைக்கக் கூடாது: நீட்டுவது, கொக்கிபோல மடக்குவது, முழுதாக மூடுவது என்று அன்றைக்கே தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் தசைநாண்கள் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு வருவது யாரும் எச்சரிக்காத வலி. கீறலின் இரண்டு பக்கமும், உள்ளங்கையின் அடிமேட்டில், அழுத்தினால் உயிர் போகும். கூரை அறுபட்டதால் இருபக்கத் தூண்களும் புதிய நிலைக்குப் பழகும் வலி அது. சில வாரங்களில் குறையத் தொடங்கி, சிலருக்கு ஆறு மாதம் வரை நீளும். குழாய் உருட்டுபவருக்கு இது தீர்மானமான செய்தி, அவர் அழுத்துவது அந்த மேட்டால்தான். பிடிமான பலம் முதலில் குறைந்து, பழைய அளவுக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். உணர்வு திரும்புவது இன்னும் மெதுவாக: அறுந்த நரம்பிழை வளரும் வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். தையல் ஆறியபின் தழும்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துவிடுவது கெட்டித்தன்மையை இளக்கும். வீட்டு வேலையில் கடைசியாகத் திரும்பவேண்டியது நனைந்த போர்வையைப் பிழிவது. முறுக்குவதும் இறுக்குவதும் ஒன்றாகச் சேரும் வேலை அது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சர்க்கரை மாத்திரை வாங்கும்போதே இதையும் கேட்கலாம்.

ஆக, எழுத்து வேலைக்கு ஒன்றிரண்டு வாரம், லேபிள் ஒட்டுவதுபோன்ற இலகுவான கைவேலைக்கு மூன்று நான்கு வாரம், இறுக்கிப் பிடிக்கும் வேலைக்கு ஆறு முதல் பத்து வாரம். உருப்படிக் கூலிக்காரருக்கு இந்தப் பத்து வாரம்தான் அறுவையின் உண்மையான செலவு. அரசு மருத்துவமனையில் கத்தி இலவசம். வீட்டு அடுப்புக்கு அந்த இலவசம் இல்லை. ‘தீபாவளி முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று சொல்பவர் பயந்து சொல்வதாக மருத்துவர் நினைக்கிறார். அவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

அந்தக் கணக்கை இன்னும் சரியாகப் போடலாம். பட்டாசுத் தொழிலாளிக்குத் தீபாவளிக்குப் பின் ஆலை சில வாரம் மூடியிருக்கும், மழையும் வரும். இயற்கையாகவே கை ஓய்வெடுக்கும் பருவம் அது. அச்சகத்துக்காரருக்கு அது உதவாது. ஆடிப்பெருக்கன்று நாட்காட்டி ஆல்பம் வெளியானதில் தொடங்கி டிசம்பர் வரை அவருக்கு மூச்சுவிட நேரமில்லை, பொங்கலுக்குப் பிறகுதான் இடைவெளி. அடுத்து, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. கணக்கு. நோய்விடுப்பு உதவியாகச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பத்து வாரத்தை அது தாங்கும். ஆனால் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கவேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு உரிமை அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு உரிமை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை.

இதைத் தீபாவளியோடு பொருத்திப் பாருங்கள். நவம்பரில் அறுவை செய்துகொண்டால், பார்க்கப்படுவது சென்ற அக்டோபர்–மார்ச் கணக்கு. ஆலை மூடல், மழை, மந்தம் எல்லாம் சேர்ந்து வேலைநாள் குறையும் பருவம் அது. 78 தேறாமல் போகலாம். அதே அறுவையை ஜனவரியில் செய்தால் பார்க்கப்படுவது ஏப்ரல்–செப்டம்பர் கணக்கு, தீபாவளிக்காக ஓயாமல் உழைத்த மாதங்கள். நரம்பின் நிலை அனுமதிக்குமானால், இரண்டு மாதம் இரவில் பட்டை கட்டிக்கொண்டு தை மாதத்தில் அறுவை செய்துகொள்வது பலருக்குப் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். சதை வற்றத் தொடங்கியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் காத்திருக்கக் கூடாது. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே சந்தா விவரத்தைப் பார்த்துவிட்டு அறுவைத் தேதி குறிப்பது நரம்புப் பரிசோதனை அளவுக்கு முக்கியம்.

இவையெல்லாம் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்கு. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் வேலை செய்பவருக்கும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுபவருக்கும், குழாய் உருட்டுபவருக்கும் சந்தாவே இல்லை. அவர்களுக்குக் கை ஓய்வு என்பது மகளின் கை கூடுதலாக ஓடுவது, அல்லது அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போவது. மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பது மணிக்கட்டுக்கு இன்னும் மோசம்.

வெடிமருந்து அறையில் வேலை செய்பவர் விஷயம் தனி. செருப்புப் போடக் கூடாது, இரும்புக் கருவி கூடாது என்று விதி வைத்தது, உராய்வும் தட்டலும் பொறியாகிவிடும் என்பதால்தான். விரல் நுனியில் உணர்வில்லாத, பிடித்த பொருளைத் தன்னையறியாமல் நழுவவிடும் ஒரு கை அந்த அறைக்குள் இருப்பதைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை. கார்பல் டனல் நோயின் வழக்கமான புகாரே ‘கையில் வைத்திருந்தது விழுந்துவிடுகிறது’ என்பதுதான். வீட்டில் விழுவது டம்ளர். அறுவைக்குப் பிறகும் உணர்வு திரும்பும்வரை அந்தக் கை மருந்துப் பக்கம் போகக்கூடாது. ஆறாத கீறலில் அலுமினியப் பொடியும் கந்தகமும் படுவது வேறு கேடு. இந்தக் காரணத்தைச் சொன்னால் நிர்வாகம் காதுகொடுக்க வாய்ப்பு அதிகம். தொழிலாளியின் கைவலிக்கு இரங்காதவரும் தன் உரிமத்துக்குப் பயப்படுவார்.

அப்படிக் காதுகொடுத்தால் செய்யவேண்டியது பெரிய செலவும் இல்லை. ஆண்டுப் பரிசோதனையில் கண், காது, நெஞ்சு பார்க்கும்போது மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைத்து விரல் மரக்கிறதா என்று பார்க்கலாம், கட்டைவிரல் மேட்டைத் தொட்டுப் பார்க்கலாம். குழாய் உருட்டுபவரையும் லேபிள் ஒட்டுபவரையும் அரைநாளுக்கு ஒருமுறை இடம் மாற்றலாம், உருட்டும் வேலைக்கு உள்ளங்கைக்குப் பதில் பலகை கொடுக்கலாம். அறுவை முடிந்து வருபவருக்கு ஆறு வாரம் பெட்டி மூடும் வேலை கொடுத்து, பழைய சராசரிக் கூலியையே தரலாம். மருத்துவரும் ‘ஓய்வு தேவை’ என்று மொட்டையாக எழுதாமல், எந்தத் தேதிவரை எதைப் பிடிக்கக்கூடாது, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, மருந்து அறைக்கு எப்போது திரும்பலாம் என்று சீட்டில் எழுதித்தரவேண்டும். போர்மேனிடம் காட்ட அந்தச் சீட்டு ஒன்றுதான் அந்தப் பெண்ணிடம் இருக்கும். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு கையிலும் இந்த நோய் வரும் என்பதால், அடுத்த தை மாதத்துக்கும் ஒரு சீட்டு தேவைப்படலாம்.